ஆண்டவன் ஏன் பார்த்துக்கொண்டிருந்தான்?

தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு உறவினர் வந்தால் முதலில் எங்கே அழைத்துப் போவோம்? தேக்காவுக்குத்தான். சிராங்கூன் சாலையில் இறங்கி நடந்தால் மல்லிகைப் பூவும் சாம்பிராணியும் மணக்கும். சற்றுத் தூரத்தில் வீரமாகாளியம்மன் கோயில். அங்கே கும்பிட்டுவிட்டு அதே சாலையில் மேலே போனால் சீனிவாசப் பெருமாள் கோயில். தைப்பூசத்தன்று காவடிகளும் பால்குடங்களும் புறப்படுவது அங்கிருந்துதான். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி சந்நிதியில் போய்ச் சேரும்.

இந்த இரண்டு கோயில்களுக்கும் இடையே, ஓவன் ரோடு பிரியும் முனையில், ஒரு காலத்தில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று நின்றது. கீழே வங்கி, மேலே ஹோட்டல். 'ஹோட்டல் நியூ வேர்ல்ட்' என்று பெயர். 1986-ஆம் ஆண்டு மார்ச் 15, சனிக்கிழமை. காலை பதினொன்றரை மணி ஆகவில்லை. அந்தக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் அப்படியே சரிந்து மண்மேடானது. ஐம்பது பேர் அகப்பட்டார்கள். பதினேழு பேரை உயிருடன் மீட்டார்கள். முப்பத்து மூன்று பேர் போய்விட்டார்கள்.

ஒரு பக்கம் காளி, ஒரு பக்கம் பெருமாள். நடுவிலே இப்படி ஒரு கோரம். 'சாமி இருந்தால் இப்படி நடக்குமா?' என்று யாராவது கேட்டால், அவரைக் கோபித்துக்கொள்ள நமக்கு மனம் வருமா?

இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பம் இல்லை. மழைக்காலத்தில் லயத்துக்குள் வெள்ளம் புகுந்தபோது கேட்டிருப்பீர்கள். பிள்ளை காய்ச்சலில் துடித்தபோது கேட்டிருப்பீர்கள். அதைக் கேட்பது பாவமில்லை. வள்ளுவரே ஓரிடத்தில், மனிதன் பிச்சை எடுத்து வாழும் நிலையைக் கண்டு உலகத்தைப் படைத்தவனையே கடிந்து பேசுகிறார். ஆகவே, வாருங்கள், நாமும் பயப்படாமல் கேட்போம்.

*சாமி குத்தம் என்ற பதில்*

நம் ஊரில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. 'சாமி குத்தம்.' கொஞ்சம் படித்தவர் என்றால் 'போன பிறவிப் பாவம்' என்பார். சொல்பவருக்கு மனசு ஆறிவிடும். ஆனால் கேட்பவர் யார்? பிள்ளையைப் பறிகொடுத்த தாய். ஏற்கெனவே வயிறு எரிந்து கிடப்பவளிடம், 'இது நீ செய்ததன் பலன்' என்று சொன்னால், அது ஆறுதலா? தண்டனைக்கு மேல் தண்டனை அல்லவா?

பெரியவர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி பீகாரில் பெரும் பூகம்பம். பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அப்போது மகாத்மா காந்தி தீண்டாமையை எதிர்த்துத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனையே இந்தப் பூகம்பம் என்று அவர் சொன்னார். மகாகவி தாகூருக்கு மனம் பொறுக்கவில்லை. அவரும் தீண்டாமையை வெறுத்தவர்தான். ஆனாலும் இயற்கையின் சீற்றத்தை மனிதரின் ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது பகுத்தறிவுக்குப் பொருந்தாது என்று மறுத்து எழுதினார். காந்தியடிகள் அந்த மறுப்பைத் தம் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே வெளியிட்டார். தம் கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். தீண்டாமைக்குத் தண்டனை என்றால், இடிந்த சுவருக்கு அடியில் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவரும் செத்தாரே, அவர் செய்த குற்றம் என்ன? தொட்டில் குழந்தை செய்த குற்றம் என்ன?

நம் பழங்கதைகளும் இந்தப் பதிலை ஒப்புக்கொள்வதில்லை. தோட்டத்துத் திடலில் அரிச்சந்திர நாடகம் பார்த்து அழாதவர் உண்டா? நாடிழந்து, மனைவி மக்களைப் பிரிந்து, சுடுகாடு காத்தானே, அவன் பாவியா? இல்லை. உண்மை ஒன்றையே பிடித்துக்கொண்டு நின்ற உத்தமன். கிறிஸ்தவர்களின் வேதத்தில் யோபு என்ற நல்லவர் எல்லாவற்றையும் இழக்கிறார். பார்க்க வந்த நண்பர்கள், 'நீ ஏதோ தவறு செய்திருப்பாய்' என்று அடித்துப் பேசுகிறார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது யோபுவிடம் அல்ல, அந்த நண்பர்களிடம்! முஸ்லிம் அன்பர்கள் அதே மனிதரை அய்யூப் நபி என்று போற்றிப் பொறுமைக்கு இலக்கணமாகச் சொல்கிறார்கள். துன்பப்பட்டவன் பாவி என்று எந்த நல்ல கதையும் முடிவதில்லை.

*மனிதன் செய்ததும் மண் செய்ததும்*

சரி, ஹோட்டல் நியூ வேர்ல்ட் ஏன் விழுந்தது? குண்டு வெடித்ததோ, எரிவாயு வெடித்ததோ என்று முதலில் பலர் சந்தேகப்பட்டார்கள். அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. நிபுணர்கள் தூண் தூணாக ஆராய்ந்தார்கள். கட்டடம் எழும்பியது 1971-இல். அதற்குக் கணக்குப் போட்டபோது உள்ளே வரப்போகும் ஆட்களின் எடையையும் சாமான்களின் எடையையும் சேர்த்திருந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்க மறந்துவிட்டார்கள்! சுவரும் தளமும் தூணும் தம்மைத் தாமே தாங்க வேண்டுமே, அந்தப் பாரம் கணக்கில் இல்லை. பதினைந்து ஆண்டு தாக்குப்பிடித்த தூண்கள் ஒரு நாள் கைவிட்டுவிட்டன.

இங்கே ஆண்டவன் மேல் பழி போடுவதற்கு இடமே இல்லை. 'சாமி குத்தம்' என்று கும்பிட்டுவிட்டுப் போயிருந்தால், கணக்கில் இருந்த பிழை வெளியே வந்திருக்காது. அப்படியே இன்னும் எத்தனை கட்டடம் எழும்பியிருக்குமோ?

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். சயாம் மரண ரயில். உங்கள் தாத்தாவோ தாத்தாவின் அண்ணனோ போய்த் திரும்பாமல் இருந்திருக்கலாம். ஜப்பான்காரன் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். சுமார் 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதற்குள் காடெல்லாம் பிணம். காலரா வந்தது. போர்க் கைதிகளின் முகாம்களில் ராணுவ மருத்துவர்கள் கூடவே இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். நம்மவர் முகாம்களிலோ எடுத்துச் சொல்லவும் ஆளில்லை, மருந்து கொடுக்கவும் ஆளில்லை. அதனால் நம்மவர் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். நோய் ஒன்றுதான். தெய்வமும் ஒன்றுதான். வேறுபட்டது மனிதன் மனிதனை நடத்திய விதம்.

'இதெல்லாம் மனிதன் செய்தது, சரி. பூமி அதிர்வதும் கடல் பொங்குவதும் யார் செய்தது?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் பூமி ஓடு பிளந்தது. ரிக்டர் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் அளவில் 9-க்கு மேல். பதினான்கு நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல். வேளாங்கண்ணி மாதாவைத் தரிசிக்க வந்தவர்களைக்கூட அலை விடவில்லை. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேல். அதே கடலின் இந்தப் பக்கம் இருந்த சிங்கப்பூரை அலை தொடவே இல்லை.

அப்படியானால் ஆண்டவனுக்குச் சிங்கப்பூர்க்காரன் செல்லப்பிள்ளை, நாகப்பட்டினத்து மீனவன் மாற்றாந்தாய்ப் பிள்ளையா? அல்ல. நமக்கும் அந்த அலைக்கும் நடுவே சுமத்ரா ஒரு பெரிய மதில்போலப் படுத்திருக்கிறது. அவ்வளவுதான்.

பூமியின் மேலோடு ஒரே துண்டு அல்ல. பல துண்டுகளாக மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், நம் விரல் நகம் வளரும் வேகம். அந்த நகர்வால்தான் இமயமலை எழுந்தது. அந்த மலையின் பனியால்தான் கங்கை ஓடுகிறது. சுமத்ராவிலும் ஜாவாவிலும் எரிமலைச் சாம்பல் படிந்த மண்தான் பொன் விளைகிறது. மலையையும் ஆற்றையும் மண்ணையும் கொடுக்கிற அதே நகர்வு, ஒரு நாள் பூகம்பத்தையும் கொடுத்துவிடுகிறது. சோறு பொங்கும் நெருப்புத்தான் கையையும் சுடுகிறது.

அதற்காக, 'நெருப்பு சுடத்தான் செய்யும்' என்று சொல்லிக் கை வெந்தவனைத் தேற்ற முடியாது. தெரியும். ஆனால் சுனாமியிலும் மனிதனின் பங்கு ஒன்று உண்டு. பூமி அதிர்ந்த பிறகு தமிழ்நாட்டுக் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு மணி நேரம்! ஒரு மைல் உள்ளே நடந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். சொல்லத்தான் ஆளில்லை. பசிபிக் கடலுக்கு 1949 முதலே எச்சரிக்கை நிலையம் உண்டு. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. அத்தனை உயிர் போன பிறகு, 2007-இல் ஹைதராபாத்தில் நிலையம் அமைத்தார்கள்.

*அவன் எங்கே இருந்தான்?*

தேக்கா பக்கத்துப் பெரியவர்கள் ஒரு செய்தி சொல்வார்கள். ஜப்பானியர் குண்டு போட்ட காலத்தில் மக்கள் ஓடிவந்து வீரமாகாளியம்மன் கோயிலுக்குள் ஒதுங்கினார்கள். கோயிலுக்கும் சிலைகளுக்கும் சேதமில்லை. 'அம்மா காப்பாற்றினாள்' என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். பிழைத்தவர் நன்றி சொல்வதில் தவறில்லை. ஆனால் வெளியே செத்தவரை அம்மா கைவிட்டுவிட்டாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். நன்றி நம் வாயில் இருக்கலாம், தீர்ப்பு இருக்கக் கூடாது.

'முழுப் பதில் என்ன?' என்கிறீர்களா? நல்லவனுக்கு ஏன் துன்பம் என்ற கேள்விக்கு ஞானிகள் பலர் பல பதில் சொன்னார்கள். வினைப்பயன் என்றார்கள். சோதனை என்றார்கள். மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டதால் கடவுள் குறுக்கிடுவதில்லை என்றார்கள். ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் சவக்குழிக்குப் பக்கத்தில் நின்று சொல்லிப் பாருங்கள், எந்தப் பதிலும் தொண்டையைத் தாண்டி வராது. திருக்குறளில் ஊழ் என்று ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர், ஆள்வினையுடைமை என்று முயற்சிக்கும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். விதியைச் சொன்ன வாயாலேயே முயற்சியையும் சொன்னார். நமக்கு அது போதும்.

ஓவன் ரோட்டு முனைக்கே திரும்பி வருவோம். கட்டடம் விழுந்த அன்றே தீயணைப்பு வீரர்களும் குடிமைத் தற்காப்புப் படையினரும் ராணுவத்தினரும் வந்து குவிந்தார்கள். அப்போது எம்.ஆர்.டி. ரயிலுக்காகப் பூமிக்கடியில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த அயல்நாட்டு நிபுணர்களும் தாமாகவே ஓடிவந்தார்கள். எந்த நேரமும் மேலே சரியலாம் என்ற இடிபாடுகளுக்கு அடியில் வளை தோண்டி, தவழ்ந்து போய், ஆட்களை வெளியே இழுத்தார்கள். மூன்று நாளுக்கு மேல் இருட்டில் கிடந்த ஒரு பெண்ணும் உயிரோடு வந்தார். உள்ளே இருந்தவர் எந்த ஊர், எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை.

அதோடு விடவில்லை. 1989-இல் புதிய கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு பொறியாளர் போட்ட கணக்கைச் சம்பந்தமில்லாத இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். குடியிருப்பு என்றால் பத்தாண்டுக்கு ஒருமுறை, மற்றக் கட்டடம் என்றால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். நீங்கள் சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போய்ப் பத்தாவது மாடியில் நிம்மதியாகத் தூங்குகிறீர்களே, அந்தத் தூக்கத்தில் முப்பத்து மூன்று பேரின் உயிரும் கலந்திருக்கிறது.

ஆண்டவன் ஏன் பார்த்துக்கொண்டிருந்தான் என்று கேட்டோம். அவன் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தானா, அல்லது வளைக்குள் தவழ்ந்துபோன அந்தக் கைகளில் இருந்தானா என்பதை உங்கள் மனமே சொல்லட்டும்.

அடுத்த முறை உங்கள் லயத்தில் ஒரு வீட்டில் இழவு விழுந்தால், 'சாமி குத்தம்' என்று சொல்லாதீர்கள். ஒரு சொம்பு காப்பி கலந்து எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அந்தத் தாய் அழுது முடிக்கட்டும். பிறகு கேளுங்கள்: கிணற்று நீரா, கூரையா, மருந்தா, எது தவறிப் போனது? அடுத்த பிள்ளைக்கு அது தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கற்பூரம் ஏற்றுவதற்கு அதற்கப்புறமும் நேரம் இருக்கும்.