உணவியல் நிபுணர் உருவாகும் விதம்



மருத்துவமனையில் படுத்து எழுந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதாக இருக்கும். டாக்டர் வந்து போன பிறகு, இளம்பெண் ஒருத்தி கையில் நோட்டுப் புத்தகத்தோடு கட்டிலருகே வந்து நிற்பாள். ஊசி போடமாட்டாள், மாத்திரை கொடுக்கமாட்டாள். "நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்வாள். நம்மவர்களில் பலர் அவளைத் தாதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிலருக்கு எரிச்சலும் வருகிறது. வலியில் கிடப்பவனிடம் வந்து சோற்றுக் கணக்குக் கேட்கிறாளே என்று.

அவள் உணவியல் நிபுணராகப் பயிலும் மாணவி. நோயாளிக்கு எந்த உணவு, எவ்வளவு, எந்த நேரத்தில் என்று வகுத்துக் கொடுப்பவரே உணவியல் நிபுணர். அரசாங்க மருத்துவமனைகளில் அவரைப் பெகாவாய் டயெட்டெட்டிக் என்று அழைப்பார்கள். நம் நாட்டில் இதற்குப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு உண்டு. உடற்கூறு, இரசாயனம், நோய்கள், சத்துகள் என்று எல்லாம் படித்தாலும், படிப்பின் ஒரு பகுதியை மருத்துவமனையில் கழித்தே தீரவேண்டும். அங்கே தேர்ந்த நிபுணர் ஒருவர் மேற்பார்வையாளராக இருப்பார். மாணவி எழுதும் குறிப்பை அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் அது நோயாளியின் கோப்பில் நிற்கும்.

எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து எங்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியபோது, விரிவுரையாளர் வகுப்பின் கடைசி வாங்கில் அமர்ந்து எழுதிக்கொண்டே இருப்பார். கரும்பலகையைவிட அவர் முகத்தைத்தான் நாங்கள் அதிகம் பார்த்தோம்! ஆனால் நான் தவறாகப் பாடம் நடத்தினால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். மருத்துவமனையில் அப்படியில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். என் அக்காள் கணவர் பால்மரம் சீவுபவர். நீரிழிவுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர். காலில் ஆறாத புண்ணோடு மருத்துவமனையில் சேர்ந்தார். பயிற்சி மாணவி ஒரு மலாய்ப் பெண். அக்காளுக்குக் கடைத்தெரு மலாய்தான் வரும். ஆகவே நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

"அவருக்கு எங்கே தம்பி சாப்பாடு இறங்குது? மத்தியானம் ரெண்டு கை சோறு, ராத்திரி ரெண்டு துண்டு ரொட்டி. சீனியைத் தொடவே மாட்டாரு" என்றாள் அக்காள். அத்தான் டின் பால் ஊற்றித் தேநீர் குடிப்பது எனக்குத் தெரியும். அந்நியப் பெண் முன்னிலையில் அக்காளை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அவள் சொன்னதை அப்படியே மலாயில் சொன்னேன். மொழிபெயர்ப்பில் பிழையே இல்லை!

மாணவி கணக்குப் போட்டாள். ஒரு நாளைக்கு 900 கலோரிகூடத் தேறவில்லை. மேற்பார்வையாளர் அந்தக் கணக்கை அத்தானின் கிளினிக் அட்டையோடு வைத்துப் பார்த்திருக்கிறார். எடை 74 கிலோ. பல மாதங்களாகக் குறையவில்லை. நாள்தோறும் மரம் சீவி நடக்கும் ஒருவர் 900 கலோரியில் இந்த எடையோடு இருக்க முடியாதே! மாணவியைத் திரும்பவும் போய்க் கேட்கச் சொன்னார்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். மூத்தவர் கட்டிலின் கால்மாட்டில் பேசாமல் நின்றுகொண்டார். மாணவி இம்முறை ஒரு சோற்றுக் கிண்ணம், ஒரு கோப்பை, ஒரு மேசைக்கரண்டி மூன்றையும் கொண்டுவந்திருந்தாள். கேள்வியும் மாறியிருந்தது. பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீர்கள்? கிளம்புமுன் என்ன குடிப்பீர்கள்? இந்தக் கோப்பையா, இதைவிடப் பெரிய மக்கா? பால் எத்தனை கரண்டி? கேட்டது அத்தானையே. அவர் சூதுவாது தெரியாதவர். இரண்டு விரலைக் காட்டினார். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று. அக்காள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும்தான்.

ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் ஏறக்குறைய 11 கிராம் சர்க்கரை இருக்கிறது. வேளைக்கு 2 கரண்டி, நாளைக்கு 3 வேளை என்றால் 66 கிராம். ஒரு துண்டு ரொட்டியில் மாவுச்சத்து 15 கிராம் அளவில் இருக்கும். அப்படியானால் யாரும் கணக்கில் சேர்க்காத நாலு துண்டு ரொட்டிக்கு மேல் தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. இது தெரியாவிட்டால் என்ன ஆகும்? மருந்து கேட்கவில்லை என்று எண்ணி டாக்டர் இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போவார். டின் பால் கிடைக்காத வார்டில் அதே அளவு இன்சுலின் ஏறினால், இரத்தச் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பவும் கூடும்.

மாணவி முதலில் எழுதியிருந்த திட்டத்தில் பசியாறும் நேரம் காலை ஏழு மணி. ஏழு மணிக்கு அத்தான் மரத்தடியில் நிற்பார். மேற்பார்வையாளர் அதைச் சுட்டிக்காட்ட, கிளம்புமுன் முழுக்கோதுமை ரொட்டியும் அவித்த முட்டையும், பத்து மணிக்குக் கட்டிக்கொண்டு போகக்கூடியது ஒன்று, மதியம் கிண்ணத்தால் அளந்த சோறு என்று மாற்றி எழுதினாள். தேநீரை அறவே நிறுத்தச் சொல்லவில்லை. நாளைக்கு ஒரு வேளை மட்டும், ஒரு கரண்டிப் பால் என்று அத்தானோடு பேரம் பேசி முடித்தாள். புண் ஆற மூன்று மாதமாயிற்று. ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது.

வார்டு மட்டுமே அவர்களுடைய பயிற்சிக்களம் என்று எண்ணிவிடக் கூடாது. மருத்துவமனைச் சமையற்கூடத்திலும் நிற்கவேண்டும். உப்புக் குறைத்தது, மென்மையான கஞ்சி, நீரிழிவுக்காரர் தட்டு என்று ஒவ்வொன்றும் சரியான கட்டிலுக்குப் போகிறதா என்று பார்க்கவேண்டும். சமூகக் களத்தில், தாயும் சேயும் வரும் கிளினிக்குகள் முதலிய இடங்களில் மக்களோடு பேசிப் பழகவேண்டும். பாதித் தட்டில் காய்கறியும் பழமும், கால் தட்டில் சோறு, கால் தட்டில் மீன், முட்டை, பருப்பு என்னும் "சுக்கு சுக்கு செப்பாரோ" படத்தைச் சுவரில் பார்த்திருப்பீர்கள். அதை விளக்குவதும் அவர்கள் வேலைதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிறுநீரகம் கெட்டவரைப் பார்க்கப் போகும்போது பாசத்தோடு இளநீரும் வாழைப்பழமும் வாங்கிப்போகிறோம். அவற்றில் பொட்டாசியம் மிகுதி. பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாது. இருதயத் துடிப்பே தடுமாறும். பெலிம்பிங் பழமோ அவர்களுக்கு நஞ்சேதான். கட்டிலுக்கடியில் ஒளித்து வைக்கும் பொட்டலம் மாணவியின் கணக்கில் வராது.

2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் 100 பேருக்கு 18 பேர் நீரிழிவுக்காரர்களாக இருந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு இந்தத் துறையில் வேலை காத்திருக்கிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். எஸ்பிஎம் தேர்வில் இரசாயனமும் உயிரியலும் நன்றாகச் செய்த பிள்ளை, மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்டிபிஎம் வழியாக இப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். "டாக்டராக இடம் கிடைக்கவில்லையே" என்று அழும் பெண்பிள்ளைகளிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வது. 2016-ஆம் ஆண்டின் சட்டமொன்று உணவியல் நிபுணர்களையும் பதிவுபெற்ற சுகாதாரத் தொழிலர்களாக ஆக்கியிருக்கிறது.

அடுத்த முறை உங்கள் வீட்டார் யாரேனும் வார்டில் சேர்ந்தால், கிளினிக் அட்டையோடு, வீட்டில் தேநீர் குடிக்கும் அந்தக் கோப்பையையும் பையில் எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து எது குடித்தாலும் அதன் பெயரைச் சொல்லுங்கள். மலாய் தெரிந்த பிள்ளை மொழிபெயர்க்க நின்றால், நான் செய்ததுபோல் செய்யவேண்டாம் என்று அந்தப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.