தவிலின் தொப்பியும் ஒலிபெருக்கியின் வாயும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாவுக்குக் குறிகட்டுவான் துறையிலே படகேறுவோர், காற்று வாய்ப்பாயின், ஒலிபெருக்கி வழியே நாதசுரத்தைக் கேட்டல் கூடும். தவிலின் வலந்தலையையுங் கேட்பர். தொப்பியின் முழக்கம் கேட்பதோ அரிது. இது தவிற்காரரின் குறையன்று. குழல் ஒலிபெருக்கியின் வாய் சிறுத்தமையால் விளைவது.

ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வது. ஆகவே செக்கனுக்கு 100 முறை அதிரும் மந்த ஒலியின் அலை 3.4 மீற்றர் நீளமுடையது. அதனைக் காற்றிலே செம்மையாகச் செலுத்துதற்குக் குழல்வாயின் சுற்றளவும் ஏறக்குறைய அந்நீளம் வேண்டும். அஃதாவது வாய் 1 மீற்றருக்கு மேல் அகன்றிருத்தல் வேண்டும். பனையிலே கட்டப்பெறும் குழலோ பெரும்பாலும் அரை மீற்றர் அகலந்தானும் இல்லாதது. 200 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை அது விழுங்கிவிடும். தொப்பியின் உயிரோ அங்கேதான் இருக்கின்றது.

1925 ஆம் ஆண்டில் றைஸ், கெலொக் என்னும் அமெரிக்கர் இருவர் வெளியிட்ட கூம்புத்தாள் ஒலிபெருக்கி இதற்கு மாற்றாகும். எனினும் அதனைப் பெட்டியிலடைத்தல் வேண்டும். இன்றேல் பின்புறத்தெழும் அலை சுற்றிவந்து முன்புறத்து மந்த ஒலியை அழித்துவிடும். பெட்டியை அறைக்குள் வைப்பினோ வேறொரு தொல்லை. 3.4 மீற்றர் நீளமுள்ள அறையில் 50 அதிர்வொலி எதிரெதிர்ச் சுவர்களிடையே நிலையலையாகி, சுவரோரத்தில் முழங்கி, நடுவிலே அடங்கும்.

கோயில் வெளிவீதியில் அத்தொல்லை இல்லை. அங்கே பெட்டியைத் தரையிலமர்த்தின் நிலமே மந்த ஒலிக்குத் துணையாகும்; உயரத்துக் குழலை அறிவித்தல்களுக்கு விட்டுவிடலாம்.