எலும்பில்லாத கைகள்

பழைய கார்ட்டூன் படங்களைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அவற்றில் வரும் பூனைக்கும் எலிக்கும் முழங்கை என்று ஒன்று கிடையாது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயைப் போலக் கைகால்கள் நெளியும், வேண்டும்போது நீளும். அதனாலேயே அந்தப் பாணிக்கு ‘ரப்பர் ஹோஸ்’ என்று பெயர் வந்தது. 1919இல் அமெரிக்காவில் திரைக்கு வந்த ஃபெலிக்ஸ் பூனையும், 1928இல் ‘ஸ்டீம்போட் வில்லி’யில் கப்பலின் சக்கரத்தைப் பிடித்து ஆடிய மிக்கி எலியும் இந்த இனத்தைச் சேர்ந்தவர்களே.

இதற்குக் காரணம் வேடிக்கை மட்டுமன்று. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. ஓர் ஓவியத்தை இரண்டு பிரேம்களுக்கு வைத்துக்கொண்டாலும் ஒரு நிமிடப் படத்துக்கு 720 ஓவியங்கள் வேண்டும். ஒவ்வொன்றிலும் முழங்கையைத் தேடிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? வளைந்த இரு கோடுகளை இழுத்தால் கை தயார்!

கையால் வரைந்தவர்களுக்கு இவ்வளவு எளிதாக இருந்தது கணிப்பொறியில் எவ்வளவு பாடுபடுத்தும் என்பதை இந்த ஆண்டுதான் அறிந்தேன்.

நம் கல்லூரி ஆண்டு விழாவுக்கு மூன்று நிமிடக் கார்ட்டூன் ஒன்று செய்ய எண்ணினேன். கதாநாயகர் ஒரு பேருந்து நடத்துநர். காலை நேரக் கூட்டத்தில் முன்படிக்கட்டில் நின்றபடியே, எல்லார் தலைக்கும் மேலாகக் கையை நீட்டிக் கடைசி இருக்கைப் பாட்டிக்குப் பயணச்சீட்டு கொடுப்பார். என் அப்பா நடத்துநர். அவருடைய வலது தோள் இப்போது காதுக்கு மேலே உயர மறுக்கிறது. படத்திலாவது அந்தக் கை நோகாமல் நீளட்டுமே என்று நினைத்தேன்.

துறை ஆய்வகத்தில் பிளெண்டர் என்னும் மென்பொருளைப் பயன்படுத்தினேன். 2002இலிருந்து அது எல்லாருக்கும் இலவசம் என்பது நம்மைப் போன்றோருக்குப் பெரிய வரம். அதில் உருவத்தின் தோல் ஒரு வலை. தோலுக்குள் எலும்புகளைப் பொருத்தி, எந்த எலும்பு அசைந்தால் வலையின் எந்தப் புள்ளி எவ்வளவு அசைய வேண்டும் என்று 0 முதல் 1 வரை எடை கொடுக்க வேண்டும். இந்த வேலைக்குத்தான் ரிக்கிங் என்று பெயர்.

நான் வழக்கப்படி மேற்கைக்கு ஒன்று, கீழ்க்கைக்கு ஒன்று என இரண்டு எலும்புகள் வைத்தேன். கையை மடக்கியதும் முழங்கை சப்பிப் போயிற்று. வீட்டில் காட்டினேன். அப்பா சிறிது நேரம் பார்த்துவிட்டு, “கை ஒடிஞ்சு தொங்குற மாதிரி இருக்கேப்பா” என்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவ்வளவு உறைத்திராது.

ஏன் சப்பிற்று? முழங்கையிலுள்ள ஒரு புள்ளி இரு எலும்புகளுக்கும் பாதிப்பாதி கட்டுப்பட்டது. ஓர் எலும்பு “இங்கேயே இரு” என்கிறது. மற்றது “அங்கே வா” என்கிறது. கணிப்பொறி இரண்டு இடங்களுக்கும் நடுவே நேர்கோட்டில் பாதி வழியில் அதை வைத்துவிடுகிறது. வட்டத்தின் இரு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் அக்கோட்டின் நடுப்புள்ளி வட்டத்துக்கு உள்ளேதானே விழும்? கையை 90 பாகை மடக்கினால் அந்தப் புள்ளி மூட்டிலிருந்து இருக்க வேண்டிய தூரத்தில் பத்தில் ஏழு பங்கே மிஞ்சும்.

எலும்புகளைக் கூட்டினால் சரியாகும் என்று பன்னிரண்டு வைத்தேன். கை வளைந்தது, ஆனால் ஒவ்வோர் அசைவுக்கும் பன்னிரண்டையும் திருக வேண்டியிருந்தது. ஒரு மாலை முழுதும் உழைத்து இரண்டு நொடிப் படம் எடுத்தேன். அதிலும் நடத்துநர் பாம்பாட்டியிடம் வேலை பார்ப்பவர்போல் இருந்தார்.

தவறு எண்ணிக்கையில் இல்லை. குழாய்க்கு மூட்டு இல்லை; இரு முனைகளும், ஒவ்வொரு முனையிலிருந்தும் அது கிளம்பும் திசையும்தான் உண்டு. இந்த நான்கைச் சொன்னால் இடையிலுள்ள வளைவு தானே கிடைத்துவிடும். ரெனோ கார் நிறுவனத்தின் பொறியாளர் பெஸியே, காரின் வளைந்த உடலை வரைய 1960களில் கையாண்ட வளைகோடு இதுவே. பிளெண்டரில் ‘பெண்டி போன்’ என்னும் எலும்பு அதே கணக்கில் வளைகிறது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே எலும்பு. அதை 16 துண்டுகளாகப் பகுக்கச் சொன்னேன். இரு முனைகளிலும் திசை காட்ட ஒவ்வொரு சிற்றெலும்பு. எந்தத் துண்டையும் நான் தொட வேண்டியதில்லை.

அப்போதும் கை கோணல்மாணலாகவே இருந்தது! இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது: உள்ளே எலும்பு அழகாக வளைகிறது, மேலே தோல்வலையில் ஆறே வளையங்கள். வளைய இடமில்லாத தோல் எப்படி வளையும்? வளையங்களைக் கூட்டியதும் கை வழுவழுப்பாயிற்று.

நீட்சிக்கு எலும்பின் நுனியை உள்ளங்கையோடு பிணைத்தேன். கொள்ளளவு மாறாமல் நீட்டும் வசதியும் உண்டு. அப்போது நான்கு மடங்கு நீண்டால் தடிமன் பாதியாகும். கடைசி இருக்கை வரை போவதற்குள் கை நூலாகிவிட்டதால் அதை நிறுத்திவிட்டேன். இயற்பியல் பேராசிரியர்கள் பொறுத்தருள்க.

அப்பா புதிய படத்தை இரண்டு முறை பார்த்தார். கை நீளும் இடத்தில் தம் வலது தோளைத் தடவிக்கொண்டார். பிறகு, “பையை எதுக்கு அந்தப் பக்கம் மாட்டியிருக்க? எனக்கு இடது பக்கம்ல தொங்கும்” என்றார்.

பையை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.