சேல்ல டெஸ்க்டாப் வாங்கப் போறீங்களா? முதல்ல மாத்த முடியாத பாகத்தைப் பாருங்க

"அண்ணா, ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 11 ப்ரோ. எம்ஆர்பி 59,999. சேல்ல 23,999. வாங்கிடலாமா?"

ஒவ்வொரு சேல் சீசன்லயும் இந்த மாதிரி கேள்வி நமக்கு வந்துக்கிட்டே இருக்கும். கேட்கிறவங்க பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து ஒண்ணு ரெண்டு வருஷம் ஆனவங்க. ஒரு மாசச் சம்பளம் அப்படியே இதுல போகுது. தம்பி தங்கச்சி படிப்புக்கும் ஆகும், சனி ஞாயிறுல எடிட்டிங் வேலை எடுத்து நாலு காசு பார்க்கலாம்னு ஒரு திட்டமும் இருக்கும். அதனால இதை வெறும் கேட்ஜெட் விஷயமா பார்க்காம, பண விஷயமாவே பார்ப்போம்.

அந்த லிஸ்டிங்கை இன்னொரு தடவை படிங்க. அதுல ஒரு பொய்கூட இல்லை. ஐ7தான். ஆனா எந்த ஜெனரேஷன்? பக்கத்தைக் கீழே தள்ளிக்கிட்டே போனா, எங்கேயோ சின்ன எழுத்துல "3770, எச்61 போர்டு" என்று இருக்கும். ஐ7 3770 வந்தது 2012-ல். நாலு கோர், எட்டு த்ரெட். 2022-ல் வந்த ஐ3 12100-லயும் அதே நாலு கோர், எட்டு த்ரெட்தான். ஆனா வேகத்துல அந்தப் பழைய ஐ7-ஐ இது சுலபமா தாண்டிடும். ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தந்த வருஷத்து வகுப்புக்குள்ள கொடுத்த ரேங்க் மாதிரி. பத்து வருஷத்துக்கு முந்தைய பேட்ச்ல முதல் ரேங்க் எடுத்தவரை இன்னைக்கு பேட்ச்ல மூணாவது ரேங்க் எடுத்தவரோடு எப்படி ஒப்பிட முடியும்?

அந்த "4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" பெரும்பாலும் ஜிடி 730 ஆக இருக்கும். அது 2014 சரக்கு. 4 ஜிபி என்பது அதோட மெமரி அளவு மட்டும்தான். சக்திக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. விண்டோஸ் 11-ம் அப்படித்தான். இன்டெல்ல 8-வது ஜெனரேஷனும், கூடவே டிபிஎம் 2.0-ம் இருந்தாத்தான் மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமா சப்போர்ட் தருது. 3-வது ஜெனரேஷன் மெஷின்ல அதை ஏத்தியிருக்காங்கன்னா செக்கிங்கைத் தாண்டி ஏத்தியிருக்காங்கன்னு அர்த்தம். இன்னைக்கு ஓடும். நாளைக்கு அப்டேட் வரும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

சரி, "இப்போதைக்கு வாங்கிக்கறேன், அப்புறம் அப்கிரேட் பண்ணிக்கறேன்" என்று நினைக்கலாம். இங்கதான் காசு நிஜமா போகுது. எச்61 போர்டுல ரேம் ஸ்லாட் ரெண்டுதான், உச்சவரம்பு 16 ஜிபி. அதாவது அந்த மெஷின் வாங்கின அன்னைக்கே கூரையில இடிச்சு நிக்குது. என்விஎம்இ எஸ்எஸ்டி போட இடம் இல்லை. சாட்டா எஸ்எஸ்டி போட்டாலும் அதோட பாதி வேகம்தான் கிடைக்கும், ஏன்னா அந்தச் சிப்செட்ல இருக்கிறது பழைய 3 ஜிபிபிஎஸ் போர்ட். புது ப்ராசஸர் வேணும்னா போர்டு மாத்தணும். போர்டு மாத்தினா டிடிஆர்3 ரேமைத் தூக்கிப் போட்டுட்டு புது ரேம் வாங்கணும். கடைசியில மிஞ்சுவது கேபினெட்டும் ஒரு எஸ்எஸ்டியும்.

மாத்த முடிஞ்சது, மாத்த முடியாதது

ரெடிமேட் டெஸ்க்டாப் எதை வாங்கினாலும் நான் முதல்ல பார்ப்பது இதைத்தான். ரேம், எஸ்எஸ்டி ரெண்டும் அஞ்சு நிமிஷத்துல ஒரு ஸ்க்ரூ டிரைவர் வச்சு மாத்திடலாம். போர்டு, எஸ்எம்பிஎஸ், கேபினெட் சைஸ் மூணும் அப்படி இல்லை. பிராண்டட் மெஷின்ல இவை ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கும். டிஸ்கவுன்ட் பேனர்ல பெரிய எழுத்துல போடுறது ரேமும் எஸ்எஸ்டியும். உங்க அடுத்த அஞ்சு வருஷச் செலவைத் தீர்மானிக்கிற மத்த மூணையும் பேனர்ல போடவே மாட்டாங்க.

டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் இதெல்லாம் ஆபீஸ்ல நாம தினமும் பார்க்கிற மெஷின். லீஸ் முடிஞ்சு திரும்பி வர்ற சரக்கு ரெஃபர்பிஷ்டு என்ற பேர்ல ஆன்லைன்லயும், நம்ம ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்கள்லயும் குவிஞ்சு கிடக்கு. இப்போ கூடுதலா குவிய ஒரு காரணமும் உண்டு. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு இலவச சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. அதனால 6, 7-வது ஜெனரேஷன் மெஷின்களை கம்பெனிகள் கழிச்சுக் கட்டுறாங்க. ஐ5 6500, ஐ5 7500 ரொம்ப மலிவா கிடைக்குதேன்னு சந்தோஷப்படும்போது இதையும் நினைவுல வைங்க. லினக்ஸ் போட்டுக்கத் தெரிஞ்சவங்களுக்கு அது நல்ல பேரம்தான். விண்டோஸ்தான் வேணும் என்பவங்க 8-வது ஜெனரேஷனுக்குக் கீழே இறங்காதீங்க. ஐ5 8500 ஆறு கோர் உள்ளது, விண்டோஸ் 11 பட்டியல்லயும் இருக்கு. எக்செல், கோடிங், ஆன்லைன் கிளாஸ், சாதாரண வீடியோ எடிட்டிங் எல்லாத்துக்கும் இன்னும் சில வருஷம் தாராளமா ஓடும்.

ஆனா அதே மாடல் மூணு சைஸ்ல வரும். டவர், எஸ்எஃப்எஃப் எனும் ஒல்லி கேபினெட், கையடக்க மைக்ரோ. விலை கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்துல இருக்கும், எதிர்காலம் வேற வேற. மைக்ரோவுல லேப்டாப் ரேம்தான் போடணும். சாதாரண கிராபிக்ஸ் கார்டுக்கு இடமே கிடையாது. எஸ்எஃப்எஃப்ல பாதி உயரக் கார்டு மட்டும்தான் ஏறும். எஸ்எம்பிஎஸ்-ம் 200 வாட் அளவுலதான் இருக்கும்; கார்டுக்குத் தனியா பவர் கேபிள் வராது. அதனால ஸ்லாட்டே கொடுக்கிற 75 வாட்டுக்குள்ள ஓடுற கார்டாத்தான் பார்க்கணும். ஜிடிஎக்ஸ் 1650, அல்லது 70 வாட்ல ஓடுற ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, ரெண்டுலயுமே லோ ப்ரொஃபைல் மாடலைத் தேடிப் பிடிக்கணும். அதுவும் பல மாடல் ரெண்டு ஸ்லாட் தடிமன்ல வரும், உங்க பெட்டிக்குள்ள அந்த இடம் இருக்கான்னு அளந்து பார்க்கணும்.

"எஸ்எம்பிஎஸ்-ஐ மாத்திக்கிட்டா போச்சு" என்றால், அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. இந்த பிராண்டட் போர்டுகள்ல பலதுல கடையில விக்கிற 24 பின் கனெக்டர் பொருந்தாது, வடிவமும் அவங்களுக்குன்னு தனி. அடாப்டர் கிடைக்கும், சிலர் பண்ணியும் இருக்காங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட்தான் எடுக்கும் என்றாலும் மொத்த சிஸ்டத்துக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வைக்கச் சொல்லி என்விடியாவே சொல்லுது. கேமிங்தான் நோக்கம்னா ஆபீஸ் பெட்டியை விட்டுட்டு, பாகம் பாகமா அசெம்பிள் பண்றதுதான் வழி. கேமிங் இல்லை, ஆனா என்னைக்காவது ஒரு கார்டு போடலாம் என்றால் டவரா வாங்குங்க. ரெண்டாயிரம் மூவாயிரம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.

ரேம் விஷயத்துல பழைய அறிவுரை இப்போ செல்லாது

இத்தனை வருஷமா எல்லாரும் சொன்னது: "8 ஜிபி மாடலை வாங்கு, ரேம் விலை குறையும்போது போட்டுக்கோ." 2025 பின்பாதியில இருந்து கதை மாறிடுச்சு. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி தேவை எகிற, சிப் கம்பெனிகள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பினாங்க. டிடிஆர்4, டிடிஆர்5 ரெண்டுமே விலை ஏறுச்சு. க்ரூஷியல் என்ற பேர்ல நாம வாங்கிக்கிட்டு இருந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்துல இருந்தே விலகறதா மைக்ரான் 2025 டிசம்பர்ல அறிவிச்சது.

அதனால இப்போ கணக்கை இப்படிப் போடுங்க. அதே மெஷின்ல 8 ஜிபி மாடலுக்கும் 16 ஜிபி மாடலுக்கும் கடைக்காரர் எவ்வளவு வித்தியாசம் சொல்றார்? தனியா ஒரு 8 ஜிபி ஸ்டிக் இன்னைக்கு என்ன விலை? வித்தியாசம் குறைவா இருந்தா யோசிக்காம 16 ஜிபி. பழைய ஸ்டாக் வச்சிருக்கிற கடைகள்ல இந்த மாதிரி அமையும். டிஸ்கவுன்ட் என்று உண்மையிலேயே சொல்லத்தக்கது அதுதான்.

ஒரு விஷயம், 8 ஜிபி ஒரே ஸ்டிக்கா வந்திருந்தா, இன்னொரு ஸ்டிக் போடும்போது கொள்ளளவு மட்டும் கூடுவதில்லை. ரேம் டூயல் சேனல்ல ஓட ஆரம்பிக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்ல அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியும், ஏன்னா உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் அந்த ரேமைத்தான் பங்கு போட்டுக்குது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், மெமரி பக்கத்துல பார்த்தா எத்தனை ஸ்லாட்ல எத்தனை நிரம்பியிருக்குன்னு காட்டும்.

நோ காஸ்ட் இஎம்ஐ: காஸ்ட் எங்கே ஒளிஞ்சிருக்கு?

ஒரு உதாரணக் கணக்கு. புது பிராண்டட் டெஸ்க்டாப் 45,000 ரூபாய். ஒன்பது மாசம், மாசம் 5,000, "வட்டியே இல்லை". பேங்க் வட்டி வாங்காம விடுமா? 15 சதவீத வட்டின்னு வச்சுக்குங்க. பொருளோட விலையை சுமார் 42,310 ஆகக் குறைச்சு, மிச்சம் 2,690-ஐ வட்டின்னு பில்லுல காட்டுவாங்க. அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, 484 ரூபாய், உங்க தலையில. ப்ராசசிங் ஃபீ 199 என்றால் வரியோட 235. ஆக, 720 ரூபாய் சத்தமில்லாம போயிடும். இது சின்னத் தொகைதான். பெருசு என்னன்னா, ஒரே தடவையில கட்டுறவங்களுக்குக் கிடைக்கிற கார்டு ஆஃபர் சில சமயம் இஎம்ஐக்குக் கிடைக்காது. அது 2,000 ரூபாய் என்றால் உங்க "காஸ்ட்" 2,700-ஐத் தாண்டிடுச்சு. ரெண்டு ஆப்ஷனையும் கடைசி பேமென்ட் பக்கம் வரைக்கும் கொண்டுபோய், மொத்தத் தொகையை ஒப்பிட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

எம்ஆர்பியை அடிச்சுக் காட்டுற கோட்டை மறந்துடுங்க. அமேசான்ல கீபா மாதிரி எக்ஸ்டென்ஷன் போட்டா பழைய விலை வரைபடமா தெரியும். சேலுக்கு மூணு வாரம் முன்னாடி என்ன விலையோ, அதுல இருந்து எவ்வளவு இறங்கியிருக்கோ, அவ்வளவுதான் டிஸ்கவுன்ட்.

கடையில நின்னு பார்க்க வேண்டியது

ரெஃபர்பிஷ்டுன்னா காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி பயாஸுக்குள்ள போய்ப் பாருங்க. டெல்லுக்கு எஃப்2, எச்பிக்கு எஃப்10, திங்க்சென்டருக்கு எஃப்1. பாஸ்வேர்டு கேட்டால் அந்த மெஷினை அங்கேயே விட்டுட்டு வாங்க. பழைய கம்பெனி போட்ட பூட்டு அது. "எடுத்துத் தர்றேன் சார், ரெண்டு நாள்ல" என்பார். எடுத்த பிறகு வாங்கிக்கலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ ஒரு பென்டிரைவ்ல கொண்டுபோனா எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு, ஆரோக்கியம் எவ்வளவுன்னு காட்டும். டெல்லா இருந்தா சர்வீஸ் டேக் நம்பரை டெல் தளத்துல போட்டுப் பாருங்க, வாரன்டி நிலவரம் தெரியும்.

விண்டோஸ் லைசென்ஸ் பிராண்டட் மெஷின்ல போர்டோட கட்டுண்டது. திரும்ப இன்ஸ்டால் பண்ணினாலும் தானா ஆக்டிவேட் ஆகும், தனியா காசு வேண்டாம். லோக்கல்ல அசெம்பிள் பண்ணின "ஆஃபர் பிசி"யில "விண்டோஸ் ஃப்ரீ சார்" என்றால் பெரும்பாலும் அது திருட்டு காப்பி. அதே மெஷின்ல நெட் பேங்கிங்கும் மியூச்சுவல் ஃபண்டும் திறக்கப் போறீங்க என்பதை யோசிங்க.

பில் கேட்டா "ஜிஎஸ்டி போட்டா கூட ஆகும்" என்று இழுப்பாங்க. பில் இல்லாம வாரன்டி பேச்சு வெறும் வாய்ப்பேச்சு. ஆறு மாசமோ ஒரு வருஷமோ, அதைப் பில்லுலயே எழுதி வாங்குங்க. மூடியைத் திறந்து ரேம் போட்டா வாரன்டி போயிடுமா என்பதையும் அப்பவே கேட்டு அதுலயே எழுத வைங்க. வெளியூர்ல இருந்து ஆர்டர் பண்றவங்க, ரிப்பேருக்குப் பெட்டியை அனுப்புற கூரியர் செலவு யாரோடதுன்னு கேட்டுக்குங்க.

அப்புறம் பட்ஜெட்ல விட்டுப்போற சில்லறைகள். பல ஆபீஸ் மெஷின்ல வைஃபை இருக்காது, ஒரு டாங்கிள் வாங்கணும். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர் தனி. லேப்டாப் மாதிரி பேட்டரி கிடையாது. மின்வெட்டு வர்ற ஊர்ல யுபிஎஸ் இல்லாம டெஸ்க்டாப் வாங்குறது எடிட் பண்ணின ஃபைலைப் பணயம் வைக்கிற வேலை. 20,000-க்குப் பெட்டி பார்க்கிறீங்கன்னா கையில 30,000 இருக்கணும்னு வச்சுக்குங்க. அது இப்போ இல்லைன்னா, மாசம் 3,000 ஆர்டி போட்டு அடுத்த சேலுக்கு வாங்க. சேல் என்ன, தீபாவளிக்கு ஒண்ணு, பொங்கலுக்கு ஒண்ணு, சுதந்திர தினத்துக்கு ஒண்ணுன்னு வந்துக்கிட்டேதான் இருக்கு.

வாங்கினதும் எல்லா அப்கிரேடையும் ஒரே நாள்ல பண்ணிடாதீங்க. ஒரு மாசம் உங்க வேலையை அதுல செய்யுங்க, டாஸ்க் மேனேஜரைப் பக்கத்துல திறந்து வச்சுக்கிட்டே. மெமரி 85, 90 சதவீதத்துல நின்னா ரேம். மெஷின்ல இன்னும் ஹார்டு டிஸ்க்தான் சுத்துதுன்னா எஸ்எஸ்டி. மத்த எதுக்கும் முன்னாடி அதுதான். சிபியு 100-ஐ விட்டு இறங்கவே மாட்டேங்குதுன்னா, அந்தப் பெட்டிக்குள்ள காசு போடுறதை நிறுத்திட்டு, ஓடுற கண்டிஷன்ல இருக்கும்போதே வித்துடுங்க. ஆபீஸ் மெஷினுக்கு வாங்க ஆள் எப்பவும் இருக்கு. மேல ஒரு பெரிய கார்டைச் செருகி வித்தா, கார்டுக்குப் போட்ட காசு திரும்ப வராது. கார்டைக் கழட்டித் தனியா வித்துட்டு, பெட்டியைத் தனியா வித்துடுங்க.