பித்தப்பை எடுத்த பிறகு என்ன சாப்பிடலாம்?

ஊரப்பாக்கம் பகுதிக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது, "பித்தப்பையை எடுத்துட்டாங்க, இனிமே கஞ்சிதானா?" என்று கேட்கிறீர்கள். அப்படியெல்லாம் இல்லை.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கும் சின்னப் பை, அவ்வளவுதான். அதை எடுத்த பிறகு பித்தநீர் கொஞ்சம் கொஞ்சமாக நேரே குடலுக்கு வந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரே வேளையில் நிறைய எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டால் வயிறு உப்பும், சிலருக்குப் பேதியாகும்.

முதல் சில வாரங்களுக்கு:

* மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாகப் பிரித்துச் சாப்பிடுங்கள்.
* இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், மோர், எண்ணெய் குறைத்த மீன் குழம்பு சாப்பிடலாம்.
* வடை, பஜ்ஜி, பரோட்டா, ஆட்டுக்கறி வேண்டாம். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள்.
* கீரை, பயறை மெதுவாகக் கூட்டுங்கள்.

வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு, மூணு மணிக்கு மிச்சத்தை மொத்தமாகச் சாப்பிடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். இந்த உடம்புக்கு அது ஆகாது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வீட்டாரிடமும் சொல்லுங்கள்.

கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். பித்தக் குழாயில் கல் தங்கியிருக்கலாம். காய்ச்சல், குளிர், விடாத வயிற்றுவலி, வாந்தி இருந்தாலும் அன்றைக்கே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, ஆபரேஷன் செய்த டாக்டரிடமோ போய்விடுங்கள். பேதி வாரக்கணக்கில் நிற்காவிட்டாலும் சொல்லுங்கள். அதற்கு மருந்து உண்டு.