இன்சுலின் அளவு சொல்வதும் சொல்லாததும்

அண்மைக்காலமாக எங்கள் மாரண்டஹள்ளி போன்ற சிற்றூர்களிலும் 'முழு உடல் பரிசோதனை' என்ற பெயரில் வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்துச் செல்கிறார்கள். பின்னர் கைப்பேசிக்கு வந்து சேரும் பல பக்க அறிக்கையில் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றோடு 'வெறும் வயிற்று இன்சுலின்' என்றொரு வரியும் இடம்பெறுகிறது. அதன் எதிரே 'இயல்பு' என்று அச்சிட்டிருந்தால், 'எனக்குச் சர்க்கரை நோய் இல்லை' என்று சிலர் மகிழ்கிறார்கள். 'அப்படியானால் ஊசியை நிறுத்திவிடலாமா?' என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. நிறுத்தக் கூடாது. அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது.

இரத்தத்தில் உள்ள இன்சுலினை அளப்பது எளிதான செயலாக இருந்ததில்லை. 1921-இல் கண்டறியப்பட்ட இந்தச் சுரப்பை நுட்பமாக அளக்கும் முறையை நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950-களின் இறுதியில்தான் உருவாக்கினர். இதற்காக 1977-இல் யாலோ நோபல் பரிசு பெற்றார். பெர்சன் 1972-லேயே மறைந்துவிட்டார். நடுவயதில் நீரிழிவுக்கு ஆளானோர் பலரின் இரத்தத்தில் இன்சுலின் குறைவாக அல்ல, மிகுதியாகவே இருந்ததை அவர்களது அளவீடுகள் காட்டின. சுரப்பு இருந்தும் உடல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை என்ற உண்மை அப்போது தெளிவாகத் தொடங்கியது.

ஆகவே இன்சுலின் அளவை அதே வேளையில் எடுத்த சர்க்கரை அளவோடு சேர்த்தே படிக்க வேண்டும். இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் வெறும் வயிற்றில் சர்க்கரை 90. ஒருவரின் இன்சுலின் 6, மற்றவருக்கு 24. பல ஆய்வகங்கள் ஏறத்தாழ 25 வரை இயல்பு என்றே குறிப்பதால் இருவரின் அறிக்கையும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால், அதே 90-ஐத் தக்கவைக்க இரண்டாமவரின் கணையம் நான்கு மடங்கு உழைக்கிறது. சர்க்கரையையும் இன்சுலினையும் பெருக்கி 405-ஆல் வகுக்கும் கணக்கொன்று 1985 முதல் வழக்கில் உள்ளது. அதன்படி முதலாமவருக்கு 1.3, அடுத்தவருக்கு 5.3. இது இன்சுலின் எதிர்ப்பின் அறிகுறி. மூன்றாவதாக ஒருவருக்குச் சர்க்கரை 250, இன்சுலின் 8 என்று வைத்துக்கொள்வோம். இதுவும் 'இயல்பு'தான், ஆனால் 250 சர்க்கரைக்கு 8 என்பது பெரும் பற்றாக்குறை.

ஊசி போட்டுக்கொள்பவரிடம் குழப்பம் இன்னும் கூடும். கணையம் சுரந்தது எது, ஊசியால் வந்தது எது என்று இந்தச் சோதனையால் பிரித்துக் காட்ட முடியாது. அதற்கெனவே சி-பெப்டைடு சோதனை இருக்கிறது. கணையம் இன்சுலினை ஆக்கும்போது அதே எண்ணிக்கையில் பிரிந்து வரும் துண்டு இது. ஊசி மருந்தில் இது கிடையாது. இன்சுலின் சில நிமிடங்களில் கரைந்துபோக, இது அரைமணி நேரம் அளவில் நிலைத்திருக்கும். மெலிந்த உடலுடன் இளம் வயதிலேயே நீரிழிவுக்கு ஆளாகும் பிள்ளைக்கு முதல் வகை நோயா, இரண்டாம் வகையா என்ற ஐயம் எழும்போது இந்தச் சோதனை மருத்துவருக்குப் பெரிதும் உதவும். முதல் வகையானால் ஊசியை நிறுத்துவது சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்தாக முடியும். அடிக்கடி சர்க்கரை தாழ்ந்து மயங்குவோருக்கும் இவ்விரு சோதனைகளும் தேவைப்படலாம். அப்போது, சர்க்கரை தாழ்ந்திருக்கும் அந்த வேளையில் எடுத்த இரத்தமே பயன்தரும்.

மற்றபடி, நீரிழிவு உண்டா என்று அறிய வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி சோதனையும் போதும். முன்னது 126-ஐயோ பின்னது 6.5 விழுக்காட்டையோ எட்டினால், மீண்டும் ஒருமுறை சோதித்து நோயை உறுதிசெய்கிறார்கள். இதில் இன்சுலின் அளவுக்கு இடமே இல்லை. பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைப் பரிசோதனையும் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அதைப் புறந்தள்ளிவிட்டுப் பணம் கொடுத்து இன்சுலின் எண்ணை வாங்குவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

மருத்துவரே கேட்டு இச்சோதனையைச் செய்வதானால், எட்டு மணி நேரமாவது உண்ணாமல் இருக்க வேண்டும். முடி வளர்ச்சிக்கென விற்கும் பயோட்டின் மாத்திரை சில கருவிகளின் முடிவைத் திரித்துவிடுவதால், அதை உண்பவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்தால் அவற்றிலுள்ள நொதி இன்சுலினைச் சிதைத்து அளவைக் குறைத்துக் காட்டும். எனவே, இங்கே எடுத்த இரத்தத்தை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் சுழற்றிப் பிரித்து, குளிரூட்டிய பெட்டியில் வைக்கிறார்களா என்று இரத்தம் எடுக்க வருபவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.