கை தூக்காத பிள்ளையும் திரையில் ஓடும் வரியும்

"பிள்ளைகள், விளங்கிச்சுதா?" ஆசிரியர் கேட்பார். சூம் திரையில் கறுப்புக் கட்டங்கள்தான் வரிசையாக நிற்கும். 2020 ஒக்டோபரில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் கொரோனா ஊரடங்கு போட்ட நாட்களில், தொடர்மாடி வீடுகளில் அம்மாவின் போனே வகுப்பறை. வெள்ளவத்தை ரியூசன் பிள்ளைகளுக்கும் அதே கதை.

இந்த மௌனம் சீன ஆசிரியர்களுக்கும் பழக்கமானது. அங்கே கௌகாவோ எனும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. இங்கே புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம். சரியான விடையே எல்லாமான இடத்தில், பிழையாகச் சொல்லி நாலுபேர் சிரிப்பதைவிட வாயை மூடிக்கொண்டிருப்பது பிள்ளைக்குப் பாதுகாப்பு.

ஆனால் சீனப் பிள்ளைகள் வாய் மூடிகள் அல்லர். 2020 தொடக்கத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அலிபாபாவின் டிங்டோக் செயலியில் வகுப்புகள் நடந்தன. மதிப்பீட்டுப் புள்ளி குறைந்தால் செயலிக் கடையிலிருந்தே அதைத் தூக்கிவிடுவார்களாம் என்று ஒரு வதந்தி. பிள்ளைகள் திரண்டுபோய் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் தள்ளினார்கள். நிறுவனம் கெஞ்சி ஒரு கேலிக் காணொளி வெளியிட்டதுதான் மிச்சம்! குறும்புதான், ஆனாலும் அந்த ஆண்டின் மிக உற்சாகமான கூட்டு வீட்டுவேலை அது என்பேன்.

அந்தத் துடிப்பைப் பாடத்துக்குள் இழுக்கும் வழியும் அங்கே உண்டு. பெயர் தன்மு. ஜப்பானில் பிறந்து, பிலிபிலி தளத்தால் சீனாவில் பரவியது. காணொளி ஓடும்போதே பார்ப்பவர் எழுதும் வரிகள் திரையின் குறுக்கே பறக்கும். எழுதியவர் பெயர் தெரியாது. சிங்குவா பல்கலைக்கழகம் 2016இல் கொண்டுவந்த 'மழை வகுப்பறை' எனும் கற்பித்தல் கருவியில் இந்த வசதி இருக்கிறது. கை தூக்கத் தேவையில்லை. பிழையான வரியும் சில நொடியில் ஓடிவிடும். தனக்கு மட்டும்தான் விளங்கவில்லை என்று நினைத்த பிள்ளை, இன்னும் பத்துப் பேருக்கும் விளங்கவில்லை என்று கண்டுகொள்ளும்.

நம்மிடம் ஈ-தக்சலாவ எனும் இணையவழிக் கற்றல் தளம் இருந்தது, நேத்ரா தொலைக்காட்சியில் குருகெதர எனும் பாட நிகழ்ச்சி இருந்தது. பாடங்கள் நல்லவை. ஆனால் தொலைக்காட்சியிடம் சந்தேகம் கேட்க முடியாது. வகுப்பு வட்ஸ்அப் குழுக்கள் பலவற்றிலோ 'அட்மின் மட்டும் எழுதலாம்' என்ற பூட்டு. 2022இல் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வந்து எல்லாவற்றையும் இருட்டாக்கியது தனிக்கதை. மின்சாரம் இருந்த நேரத்திலும் பிள்ளைக்கு எழுத இடம் கொடுக்காதது நம் பிழை.

ஆசிரியர்களே, இந்த வாரம் பத்து நிமிடம் அந்த வட்ஸ்அப் பூட்டைத் திறந்துவிடுங்கள். கடந்தகால வினாத்தாளை ஒதுக்கிவைத்து, பாடத்திலிருந்து ஒரு கேள்வியைப் பிள்ளைகளையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.